ரப்பிஷ், பெயர்ச்சொல்

இன்னும் ஐந்து சொற்கள்தான் பாக்கி. ரணம், ரதம், ரத்தம், ரத்து, ரப்பர். அதற்கு அடுத்த அட்டை அது. அமலோற்பவம் மேசைக்குக் கீழே மடியில் வைத்திருந்த அட்டைக் கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி மறுபடியும் எண்ணினாள், எண்ணினால் கூடிவிடுமா குறைந்துவிடுமா, ஐந்துதான். எதிரே பேராசிரியர் நெடுஞ்சேரலாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் துடைத்து மாட்டினால் அடுத்த சொல் என்று அர்த்தம். பதினொரு வருஷமாகப் புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு இதே அறை, இதே நீள மேசை, தலைக்கு மேலே டக்கு டக்கு என்று ஒரு சுற்றுக்கு ஒரு தரம் இடறும் இதே மின்விசிறி. இவள் அட்டையைப் படிப்பாள், சொல் என்ன, அதற்குப் பொருள் என்ன, எந்தப் புத்தகத்தில் யார் வாயில் அது வந்திருக்கிறது என்று. பேராசிரியரும் முனைவர் ஹேமாவதியும் கேட்பார்கள். சரி என்றால் சொல் அகராதிக்குள் போகும். வேண்டாம் என்றால் ஜன்னலோரம் இருக்கும் பச்சைத் தகரப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டிக்கு அலுவலகத்தில் குப்பைப் பெட்டி என்றே பெயர், யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, இவளும் அப்படித்தான் சொல்வாள், இந்த அட்டை குப்பைக்குங்களா ஐயா என்று எத்தனை தரம் கேட்டிருப்பாள், வாய் கூசாமல். இன்றைக்குத்தான் அந்தப் பெட்டிப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறாள். "ரணம்," என்று படித்தாள். குரல் சரியாகத்தான் இருந்தது. ரணம் புண், காயம், இலக்கிய வழக்கும் உண்டு பேச்சு வழக்கும் உண்டு, ஒன்பது மேற்கோள். "வைத்துக்கொள்ளலாம்," என்றார் பேராசிரியர்.

அவருக்கு இந்த எழுத்தே பிடிக்காது, அது அறையில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ச் சொல் எதுவும் ர-வில் தொடங்காது அம்மா, இந்த எழுத்து முழுக்க விருந்தாளிகள் வீடு என்று இரண்டு வாரத்துக்கு முன் இந்த எழுத்தைத் திறந்தபோதே பெருமூச்சு விட்டார். ரதத்தை இரதம் என்று எழுதினால்தான் அவருக்கு மூச்சு வரும், ரத்தத்தை இரத்தம் என்றால்தான் ஓடும். ஆனாலும் நியாயமானவர், ஆதாரம் இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டே சேர்த்துக்கொள்வார், அவர் சேர்த்துக்கொண்ட விருந்தாளிகள் இந்த எழுத்தில் இதுவரைக்கும் எழுபதுக்கு மேலே. ஆதாரம் வேண்டும், அதுதான் விஷயம். அச்சில் வந்தது மூன்று இடம். மூன்று இல்லாமல் இரண்டுதான் இருந்தால், வாய்மொழி ஆதாரம் ஒன்று சேர்க்கலாம், பேசியவர் பெயர், வயது, ஊர், தொழில் நான்கும் அட்டையில் இருக்க வேண்டும். இந்த விதியைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவள் இவள்தான். தொழில் எழுதாத அட்டை தலையில்லாத கோழி என்று போன மாதம்கூட ஒரு பெண்ணிடம் சிரித்துச் சொன்னாள். இப்போது இவள் மடியில் ஒரு தலையில்லாத கோழி. வயது எழுபத்தாறு, ஊர் புளியந்தோப்பு, பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு, தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. நேற்று இரவு மூன்று தரம் பேனாவை எடுத்தாள். எழுதியிருக்கலாம். சௌரிமுத்து என்று எழுத எவ்வளவு நேரம், ஐந்து எழுத்து. "ரதம்," என்று படித்தாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து அப்பா வீட்டுக்குப் போய் ஃபோனை முன்னால் வைத்து, ரெக்கார்டரை அமுக்கிவிட்டு, ஊர் ஊராய்ப் போய்க் கேட்கிற அதே குரலில் கேட்டாள், ரப்பிஷ்னா இன்னாப்பா என்று. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இவளை ஒரு மாதிரி பார்த்தார். "ரப்பிஷ்னா ரப்பிஷ்தான், வேற இன்னா?" குப்பையா என்று கேட்டுவிட்டாள், வேண்டுமென்றுதான் கேட்டாள், அகராதிக்காரி அப்படித்தான் கிளறுவாள், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குப்ப வேற, ரப்பிஷ் வேற. பழைய ஊட்ட இடிச்சா வர்றது ரப்பிஷ். செங்கல்லு, காரை, பேந்த சிமிட்டி. அதுல குப்ப கலந்துச்சின்னா அது ரப்பிஷே கெடயாது, எவனும் அவன் மனையில எறக்க வுட மாட்டான். நான் லோடு மேல ஏறி நின்னு, ஒரு துணி, ஒரு கட்ட, ஒரு பால் கவர் இல்லாம பொறுக்கிப் போட்டப்புறம்தான் வண்டிய எடுன்னுவேன், தெரியுமில்ல?" தெரியும். இவளுக்குத் தெரியாதா. சாயங்காலம் லாரியிலிருந்து குதித்து இறங்கி வருகிற மனுஷனுக்குத் தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, காதுமடல் வெள்ளை, கண் மட்டும் இரண்டு கறுப்பாக, காரைத் தூசியில் செய்துவைத்த சொரூபம் மாதிரி நிற்பார், குழாயடியில் இரண்டு குடம் ஊற்றினால்தான் அதற்குள்ளிருந்து அப்பா வருவார். ஊற்றுவது இவள் வேலை. தண்ணீர் முதலில் பால் மாதிரி ஓடும், அப்புறம் மோர் மாதிரி, அப்புறம் தண்ணீர் மாதிரி. "ரதத்துக்கு இரதம் பார்க்க என்று குறிப்புப் போடுங்கள்," என்று பேராசிரியர் சொன்னது கேட்டது, கை தானாக எழுதியது. அகராதி வேலையில் இது ஒரு சௌகரியம், கை ஒரு பக்கம் எழுதும், மனசு ஒரு பக்கம் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கும்.

"ரத்தம்." இது சிவப்பு என்பதால் அந்தச் சிவப்பு மை நினைவுக்கு வந்துவிட்டதா, இல்லை, அது காலையிலிருந்தே வந்துகொண்டுதான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு, கான்வென்ட், ஃபிலோமினா மிஸ். மை ஃபாதர்ஸ் ஒர்க் என்று கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். இவள் ராத்திரியே உட்கார்ந்து பக்கத்தை நிரப்பினாள், எழுத விஷயம் நிறைய இருந்தது, மற்ற பிள்ளைகள் பாவம், ஆபீஸ், பேங்க் என்று இரண்டு வரிக்குமேல் என்ன எழுதிவிட முடியும். மை ஃபாதர்ஸ் ஒர்க் ஈஸ் ரப்பிஷ். அதுதான் முதல் வரி. அவர் வேலைக்கு அதுதானே பேர், தெருவில் எல்லோரும் சொல்வது அதுதானே, அது இங்கிலீஷ் வார்த்தை என்பதில் இவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, மற்றதையெல்லாம் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது, நம் வீட்டு வேலை மட்டும் ஏற்கெனவே இங்கிலீஷிலேயே இருக்கிறது என்று. எவ்ரி டே ஹி பிரிங்ஸ் ரப்பிஷ். ரப்பிஷ் ஈஸ் வெரி யூஸ்ஃபுல். மிஸ் அதை வகுப்பில் உரக்கப் படித்தார்கள். முதல் வரியிலேயே நாற்பத்தெட்டுப் பெண்களும் சிரித்தார்கள், மிஸ் சிரிக்கவில்லை, அவர்கள் முகம் சிவந்துவிட்டது, பெற்ற அப்பாவை இப்படித்தான் எழுதுவாயா, அவர் வேலை உனக்கு ரப்பிஷா, வெட்கமாக இல்லையா என்றார்கள். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் மிஸ், ரப்பிஷ்தான் என்றாள். மறுபடியும் சிரிப்பு. நோட்டின் குறுக்கே கோணலாகச் சிவப்பு மையில் மிஸ் எழுதினார்கள், அதே வார்த்தையைத்தான், பெரிதாக, அடியில் இரண்டு கோடு போட்டு. வாசல் பக்கம் முட்டி போட்டுக்கொண்டு அன்றைக்கு முழுவதும் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் எழுதியதும் அதே ஏழு இங்கிலீஷ் எழுத்துத்தான், மிஸ் எழுதியதும் அதேதான், ஒன்று அப்பா, இன்னொன்று செருப்படி. மிஸ் அப்பாவுக்காகத்தான் கோபப்பட்டார்கள் என்பது புரிய இவளுக்கு இருபது வருஷம் ஆயிற்று. புரிந்தபோது மிஸ் இல்லை.

"ரத்து," என்று படித்தாள், நீக்கம், செல்லாததாக்குதல், அரபு மொழி வழி. ஹேமாவதி மேடம் மடிக்கணினியைத் தட்டி, நாற்பத்துமூன்று மேற்கோள் இருக்கு, போட்டுடலாம் என்றார். மேடத்துக்கு எல்லாம் எண்ணிக்கை, கெட்டவர் இல்லை, வேகமானவர், அவர் வயதுக்கு அவர் படித்த படிப்பு வேகமாகத்தான் இருக்கும். இவரிடம்தான் முதல் வருஷம் அந்தப் பேச்சு வந்தது. டீ குடிக்கும்போது அப்பா என்ன பண்றார் அமலா என்று கேட்டார், இவள் டிரான்ஸ்போர்ட்ல இருந்தார் மேடம் என்றாள். எட்டாம் வகுப்புக்கு அப்புறம் எல்லா விண்ணப்பத்திலும் எல்லா நேர்முகத்திலும் அதுதான் பதில், அவ்வளவு பழகியதால் பொய் என்றே தோன்றுவதில்லை. அப்ப ஃபேமிலிக்கு பஸ் பாஸ் உண்டா என்று மேடம் கேட்டுவிட்டார். உண்டு என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் பதினொரு வருஷம், டிக்கெட் வாங்குவதைப் பார்த்துவிடுவாரே என்று, மேடத்துக்கு முன்னால் பஸ்ஸில் ஏறியதே இல்லை. சிரிக்க வேண்டிய விஷயம். ஷேர் ஆட்டோவுக்காகப் பாலத்தடியில் வெயிலில் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் இன்னொரு அகராதி போட்டிருக்கலாம். பேராசிரியரோ சேர்ந்த அன்றே பெயரைக் கேட்டு மகிழ்ந்துபோனார், அமலம் என்றால் மாசற்றது, உற்பவம் பிறப்பு, மாசில்லாமல் தோன்றியவர், உங்கள் பெற்றோர் நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள் அம்மா என்று. மாசில்லாமல். ஐயாவுக்கு அந்தக் குழாயடித் தண்ணீரைக் காட்ட வேண்டும். இது அற்பம், நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் ஒருத்தி பயப்படுவாளா, யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், பெயருக்குக்கூட யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. அதுதான் பயமே. ஒன்றும் சொல்லாமல் ஒரு கணம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தக் கண் தாழ்வதை மட்டும் பார்க்க முடியாது. அட்டையைக் கட்டிலிருந்து உருவிவிட்டால் என்ன. யாருக்கும் தெரியாது. ரப்பருக்கு அடுத்தது ரம்பம் என்று படித்துவிட்டால் போதும், ரப்பிஷ் என்று ஒரு சொல் இருந்ததை யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் அப்பா ஞாயிற்றுக்கிழமை வாசல்வரை வந்து, மெய்யாலுமே புக்ல போடுவாங்களா என்று கேட்டார். மூன்றாவது படியில் நின்றுகொண்டு கேட்டார். போடுவாங்கப்பா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ரப்பர் போய்விட்டது. எப்போது படித்தாள், எப்போது வைத்துக்கொண்டார்கள் என்றே தெரியவில்லை, பேராசிரியர் கண்ணாடியை மாட்டிவிட்டார், மின்விசிறி ஒரு தரம் இடறியது. "ரப்பிஷ்," என்று படித்தாள். சத்தமாகத்தான் வந்தது. "பொருள் ஒன்று. மதிப்பற்றது, அபத்தம் என்று இகழ்ந்து கூறும் சொல். பதினாறு மேற்கோள்." பதினாறும் தொடர்கதை, பத்திரிகைக் கதை. மேனேஜர் மேசையைக் குத்தி ரப்பிஷ் என்றார், மாமனார் பேப்பரை வீசி ரப்பிஷ் என்றார், இங்கிலீஷ் தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துத் துப்புவது, வேஸ்ட் என்பதைவிட ஒரு படி உயரத்தில் நின்று துப்புவது. பேராசிரியர் தலையை ஆட்டினார். "படித்தவர்கள் வாயில் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாம்." அரை நிமிஷம்கூட ஆகவில்லை, செருப்படி அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "பொருள் இரண்டு," என்றாள் அமலோற்பவம், "இடித்த கட்டடத்திலிருந்து எடுத்து, தாழ்ந்த இடத்தை மேடாக்கக் கொட்டும் செங்கல், காரை முதலியவை. அச்சு மேற்கோள் இரண்டு. ஒன்று, நாளிதழ் வரி விளம்பரம், ரப்பிஷ் தேவை. இரண்டு, ஊராட்சி அறிவிப்பு, சாலையோரம் ரப்பிஷ் கொட்டக் கூடாது. மூன்றாவது வாய்மொழி."

"இது எதற்கு அம்மா?" என்றார் பேராசிரியர், கனிவாகத்தான் சொன்னார், அவர் கோபித்துக்கொண்டிருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "குப்பை என்று நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. இடிபாடு இருக்கிறது. திட்டுகிறவன் ஆங்கிலத்தில் திட்டட்டும், அதைப் பதிவு செய்வோம். பொருளுக்கும் அவன் பெயரையேவா வைப்பது?" ஹேமாவதி மேடம் கையை நீட்டி அட்டையை வாங்கிப் பார்த்தார். "தகவலாளர் பேர் இல்ல, தொழில் இல்ல. நீங்களா இப்படி ஒரு அட்டை கொண்டு வர்றீங்க? இது செல்லாதே அமலா." அட்டை மேடத்தின் விரல் இடுக்கில் இருந்தது, விரல் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது, மேடத்துக்கே தெரியாமல் திரும்பியிருக்கும், பதினொரு வருஷப் பழக்கம். மூன்றாவது படி. மெய்யாலுமே போடுவாங்களா. தொழில் இல்லாத அட்டை. முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவருக்குத் தொழில் இல்லை என்று ஒரு கோடு, கோட்டைப் போட்டது யார், ஃபிலோமினா மிஸ்ஸா, இல்லையே, சிவப்பு மை இல்லையே, நீல மை, இவள் கை. மிஸ் போட்டது இரண்டு கோடு, அதற்குமேல் இவள் எத்தனை கோடு போட்டிருக்கிறாள், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒன்று. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது, லாரியின் பின்கதவுக் கொக்கியைத் தட்டிவிட்டதும் முதல் கல் உருளுமே அப்படி, ஒன்று உருண்டால் அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது.

"தகவலாளர் எங்கப்பா, மேடம்," என்றாள். "பேர் சௌரிமுத்து. தொழில், ரப்பிஷ் லாரியில லோடு ஆள். முப்பத்தொரு வருஷம்." சொன்னதும் பேராசிரியர் முகத்தைத்தான் பார்த்தாள், கண் தாழ்கிறதா என்று, பார்த்தே தீருவது என்று பார்த்தாள். தாழவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமாவதி மேடம்தான் கேட்டார், "டிரான்ஸ்போர்ட்னு சொன்னீங்களே?" "லாரியும் டிரான்ஸ்போர்ட்தானே மேடம்," என்று இவள் வாய் சொல்லிவிட்டது, சொன்னபின் சிரிப்பு வந்துவிட்டது, மேடத்துக்கும் வந்துவிட்டது, அப்ப அந்த பஸ் பாஸ் என்று ஆரம்பித்தவர் தாமே கையை உதறி விட்டுவிட்டார். இவ்வளவுதானா. முப்பத்துமூன்று வருஷமாக மார்பின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நடந்தது இறங்க இவ்வளவு நேரம்தானா. முதுகு நிமிர்ந்துகொண்டது, இவள் நிமிர்த்தவில்லை, தானாக. "ஐயா, குப்பை சரியா வராது," என்றாள். "ரப்பிஷ்ல குப்பை கலந்தா அது ரப்பிஷ் இல்ல. யாரும் மனையில இறக்க விட மாட்டாங்க. குப்பைங்கிறது யாருக்கும் வேண்டாத பொருள். ரப்பிஷ்ங்கிறது ஒருத்தருக்கு வேண்டாம், இன்னொருத்தருக்கு வேணும். வேணும்னு ஆள் இருந்தாத்தான் அதுக்கு அந்தப் பேரு."

"அப்படியானால் இடிபாடு?" என்றார் பேராசிரியர். விடமாட்டார், விடக் கூடாது, அதற்குத்தான் அந்த நாற்காலி. இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை பதிவின் கடைசிப் பகுதி அப்படியே காதில் ஓடியது, அதைத் தமிழாக்காமல் அப்பா குரலிலேயே சொன்னாள், சொல்லும்போது புளியந்தோப்பு முழுவதும் அந்த அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. "இடிச்சது இடிச்சதா கெடக்கும், இன்னொருத்தனுக்குன்னு வண்டியில ஏத்துற பாரு, அப்பத்தான் அது ரப்பிஷ்ஷு. இப்படித்தான் சொன்னார் ஐயா. இடிபாடுங்கிறது கெடக்கிறது. ரப்பிஷ்ங்கிறது போறது." பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அவர் பேனாவைத் திறப்பது அபூர்வம், இந்த எழுத்தில் இதுதான் முதல் தரம், முடிவு சொல்வது அவர் வேலை, எழுதுவது மற்றவர்கள் வேலை. ஒரு வெள்ளைத்தாளை முன்னால் இழுத்துக்கொண்டு, "பன்மை உண்டா?" என்று கேட்டார். சங்கச் சொல்லுக்குக் கேட்பது மாதிரி கேட்டார்.

"இல்லீங்க ஐயா. எண்ண முடியாத பொருள். லோடு கணக்கு, நடை கணக்கு. நாலு லோடு ரப்பிஷ், ஆறு நடை ரப்பிஷ்." "எந்த வினையோடு வரும்?" "கொட்டு, இறக்கு, ஏத்து. முக்கியமா அடி. ரப்பிஷ் அடிக்கிறதுன்னா ரப்பிஷ் கொண்டாந்து கொட்டி மேடாக்குறது. மனைக்கு ரப்பிஷ் அடிச்சாச்சான்னு கேப்பாங்க." "அடை?" "நல்ல ரப்பிஷ், கெட்ட ரப்பிஷ். செங்கல் தூக்கலா இருந்தா செங்க ரப்பிஷ், பழைய சுண்ணாம்பு வீட்டுதுன்னா காரை ரப்பிஷ், அதுதான் உசத்தி, தண்ணி பட்டா இறுகிடும்." ஹேமாவதி மேடத்தின் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க அமலா என்றார், பதினொரு வருஷத்தில் மேடம் இவளை மெதுவாகச் சொல்லச் சொன்னது இதுதான் முதல் தரம். சொன்னாள். ரப்பிஷ் மேடு, ரப்பிஷ் வண்டி, ரப்பிஷ் ஆள் என்று சொல்லிக்கொண்டே போனாள், ஒவ்வொரு சொல்லும் எடுத்தால் கையோடு வந்தது, தேட வேண்டியிருக்கவில்லை, எங்கே இருந்தன இத்தனையும், எட்டாம் வகுப்பு வாசல் பக்கம் முட்டி போட்ட அன்றைக்கு அடியில் போய்ப் படுத்தவை, ஒன்றுகூட மக்கவில்லை, ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. காலேஜில் படித்த இலக்கணம் எல்லாம் மேலே இட்ட பூச்சு, அடியில் இருக்கிறது இதுதான், இதன்மேல்தான் அவ்வளவும் நிற்கிறது. இன்னும் கேளுங்கள் ஐயா, இன்னும் கேளுங்கள் என்று இருந்தது. காற்றில் ஒரு காரை வாசனைகூட வந்தது, சத்தியமாக வந்தது, பக்கத்துத் தெருவில் எங்காவது இடிக்கிறார்களோ என்னவோ.

"சரி, பொருள் இரண்டு நிற்கிறது," என்று பேராசிரியர் தாளைத் தள்ளிவைக்கப் போனார். அதோடு விட்டிருக்கலாம். வந்த காரியம் முடிந்தது, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு நின்றுவிட்டது, கைகூப்பிவிட்டு ரம்பத்துக்குப் போயிருக்கலாம், நேற்றைய அமலோற்பவம் போயிருப்பாள். "வரிசை தப்பு ஐயா," என்றாள். சொன்னது தான்தானா என்று ஒரு கணம் பார்த்தாள், தான்தான். "இகழ்ச்சி தனிச் சொல். அது ஒரு கூப்பாடு, வாக்கியத்துக்கு வெளியில நிக்குது. பதினாறு மேற்கோளையும் பாருங்க, ஒண்ணுலகூட வேற்றுமை உருபு ஏறல, ஒரு வினையும் எடுக்கல, திட்டிட்டு நின்னுடுது. தமிழுக்குள்ள வந்து, உருபு ஏத்துக்கிட்டு, வினை எடுத்துக்கிட்டு, ரப்பிஷை, ரப்பிஷ்ல, ரப்பிஷுக்குன்னு வேலை செய்யறது ரெண்டாவதுதான். பெயர்ச்சொல் அதுதான். அது ஒண்ணாம் பதிவு. திட்டு ரெண்டாவது." ஹேமாவதி மேடம் திரையில் பதினாறையும் ஓடவிட்டார், ஒன்று, நான்கு, ஒன்பது என்று உதடு அசைந்தது, இவளுக்கு இப்போது பயமாக இல்லை, ஆதாரம் தெரிந்தவளுக்கு என்ன பயம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்பா லோடு மேல் ஏறி நின்று வண்டி புறப்படக் காத்திருப்பாரே அந்த நிதானத்தில். "உருபே இல்ல சார்," என்றார் மேடம் கடைசியில். "பதினாறும் வெறும் திட்டுதான். அமலா சொல்றது கரெக்ட்." பேராசிரியர் தாளில் ஏற்கெனவே எழுதியிருந்த இரண்டு என்ற எண்ணை அடித்தார், மேலே ஒன்று என்று எழுதினார். விருந்தாளி என்றேன், இது குடியேறிவிட்டது என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அப்படியே இவளைப் பார்த்து, "உங்கள் தந்தையாரிடம் இன்னும் நிறையச் சொற்கள் இருக்கும் போலிருக்கிறதே," என்றார். "இருக்கும் ஐயா," என்றாள். "ஒரு வாரத்துக்குக் காணும்."

எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று வேண்டும், அதில்லாமல் பதிவு முடியாது. மேடம் வரி விளம்பரத்தையே போட்டுடலாமே என்றார். வேண்டாம் என்று பேராசிரியர் கையமர்த்தினார், பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "நீங்களே ஒன்று சொல்லுங்கள் அம்மா, வழங்குகிறவர்கள் வாக்கியமாக இருக்கட்டும்," என்றார். எத்தனையோ வாக்கியம் தொண்டைக்கு வந்து முட்டின. அமலோற்பவம் ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள், நிதானமாக, அவர் எழுதிக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு சொல்லாக இறக்கினாள். "எங்கள் தெரு ரப்பிஷ் அடித்து மேடாக்கிய இடம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்பதில்லை."

எழுதிக்கொண்டே வந்த பேராசிரியரின் பேனா கடைசிச் சொல்லில் நின்றது. "நிற்பதே இல்லையா?" என்று நிமிர்ந்தார், இது அகராதிக்காகக் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. "எங்கள் வீட்டில் ஒவ்வொரு கார்த்திகைக்கும் முழங்கால்வரை நிற்கிறது."

"எங்க தெருவுல நிக்காதுங்க ஐயா," என்றாள் சௌரிமுத்துவின் மகள். "அப்பா அடிச்ச ரப்பிஷ்."